நீண்ட தொடரின் அடுத்த பாகம்: எதைக் காப்பது, எதைத் துணிந்து மாற்றுவது

பல ஆண்டுகளாக வெளிவந்துகொண்டிருக்கும் ஒரு வீடியோ கேம் தொடருக்கு அடுத்த பாகம் செய்ய உட்காரும் எந்தக் குழுவிலும் இரண்டு குரல்கள் எழும். மக்களுக்குப் பிடித்ததை அப்படியே கொடுத்துவிடுவோம் என்பது ஒன்று. எல்லாவற்றையும் புரட்டிப்போட்டால்தான் பேர் வாங்க முடியும் என்பது மற்றொன்று. எதைக் காக்க வேண்டும், எதைக் கைவிடலாம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் கடினமான வேலையை இரண்டு குரல்களுமே தட்டிக்கழிக்கின்றன. அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதைப் பற்றியதே இந்தக் கட்டுரை. விளையாட்டு வடிவமைப்பைக் கற்பவர்களும், தங்கள் முதல் விளையாட்டு ஓரளவு ஓடியபின் இரண்டாம் பாகத்தைப் பற்றி யோசிக்கும் சிறு குழுக்களும், புதிய பாகங்களை விமர்சித்து எழுதுபவர்களும் இதைப் பயன்படுத்தலாம்.

முதலில், பழகிய வழியில் போனால் ஆபத்தில்லை என்ற நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அசாசின்ஸ் கிரீட் தொடர் 2009 முதல் 2015 வரை ஆண்டுதோறும் ஒரு பெரிய பாகத்தையாவது வெளியிட்டது. 2014-இல் யூனிட்டி, ரோக் என்று இரண்டு பாகங்கள் ஒரே சமயத்தில் வந்தன. அவற்றில் யூனிட்டி, முகத்தோல் காணாமல் போய்க் கண்களும் பற்களும் மட்டும் மிதக்கும் பாத்திரங்களோடும் வேறு பல பிழைகளோடும் வெளியானது. யூபிசாஃப்ட் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, கூடுதல் கதைப்பகுதி ஒன்றை இலவசமாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. 2016-இல் பெரிய பாகம் எதுவும் வராது என்று அறிவித்துவிட்டு, 2017 அக்டோபரில் எகிப்தைக் களமாகக் கொண்ட ஆரிஜின்ஸை வெளியிட்டபோதுதான் தொடருக்கு மூச்சு திரும்பியது. விளையாட்டின் அடிப்படையில் துணிய மறுத்தவர்கள் அந்தத் துணிச்சலையெல்லாம் காலக்கெடுவின் மேல் ஏற்றிவைத்தார்கள் என்றே இதை நான் படிக்கிறேன். ஆகவே திட்டமிடும் முதல் நாளிலேயே “நாம் எதையும் மாற்றவில்லை என்றால் ஆபத்து எங்கே போய் உட்காரும்?” என்ற கேள்வியைக் கேட்டு, பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காலக்கெடு, அலுப்பு, போட்டி விளையாட்டு ஒன்றின் வருகை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று அந்தப் பதிலில் நிச்சயம் இருக்கும்.

வாக்குறுதியைப் பழக்கத்திலிருந்து பிரித்தெடுத்தல்

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். ஆட்டக்காரர் எதற்காக இந்தத் தொடருக்குத் திரும்பத் திரும்ப வருகிறார் என்பதை இடப்பக்கம் எழுதுங்கள். அதுதான் தொடரின் வாக்குறுதி. வாக்குறுதியோடு ஒட்டிக்கொண்டு பாகத்துக்குப் பாகம் வந்துகொண்டிருக்கும் வழக்கங்களை வலப்பக்கம் எழுதுங்கள். தொடர் பழையதாக ஆக ஆக வலப்பக்கம் நீளும். அதிலுள்ள பல விஷயங்களை உருவாக்கியவர்களே இடப்பக்கத்தைச் சேர்ந்தவை என்று நம்பத் தொடங்கியிருப்பார்கள். எளிய உதாரணம் மரியோ. 1985-இல் வந்த முதல் சூப்பர் மரியோ பிரதர்ஸிலிருந்தே பக்கவாட்டு ஓட்டத்தில் நேரம் குறைந்துகொண்டே வரும் கடிகாரம் இருந்தது. 2023-இல் வெளியான சூப்பர் மரியோ பிரதர்ஸ் வொண்டரில் அது இல்லை. குதிப்பதில் உள்ள இன்பம் அதனால் சிறிதும் குறையவில்லை. ஒவ்வொரு மூலையையும் நின்று நிதானமாகத் துழாவிப் பார்க்கும் சுதந்திரம்தான் கூடியது.

திகில் விளையாட்டான ரெசிடென்ட் ஈவில் தொடரை வைத்து இந்தப் பட்டியலைப் போட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி. 1996-இல் வந்த முதல் பாகத்தில் அசையாத கேமராக் கோணங்கள் இருந்தன. திருப்பத்துக்கு அப்பால் என்ன நிற்கிறது என்று தெரியாத பயத்தை அவை கொடுத்தன. அந்தக் கேமராதான் தொடரின் உயிர் என்று அப்போது யாரேனும் சொல்லியிருந்தால் மறுத்திருக்க முடியாது. ஆனால் ஷின்ஜி மிகாமி இயக்கி 2005-இல் வெளியான நான்காம் பாகம் கேமராவைக் கதாநாயகனின் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்தது. மெதுவாக நகரும் ஸோம்பிகளுக்குப் பதிலாகக் கோடரியோடு ஓடிவரும் கிராமத்தாரை நிறுத்தியது. இவ்வளவையும் மாற்றியவர்கள் ஒன்றை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டார்கள்: துப்பாக்கியைக் குறிவைக்கும்போது நடக்க முடியாது. கூட்டம் நெருங்கி வருகிறது, சுட வேண்டுமானால் நின்றாக வேண்டும், நின்றால் சூழ்ந்துகொள்வார்கள். அசையாத கேமரா கொடுத்த அதே நெருக்கடியை இந்த ஒரு கட்டுப்பாடு வேறு வழியில் கொடுத்தது.

2012-இல் வந்த ஆறாம் பாகம் பாத்திரத்துக்கு ஒன்றாக நான்கு தனிக் கதைகளைக் கொண்டிருந்தது. ஒன்று பழைய பாணிப் பயத்தைத் தேடுபவர்களுக்கு, ஒன்று போர்க்கள அதிரடியை விரும்புபவர்களுக்கு என்று எல்லாத் தரப்பையும் திருப்திப்படுத்தும் முயற்சியாகவே அது எனக்குப் படுகிறது. அளவில் பிரம்மாண்டமாக இருந்தும் பயம் எங்கோ கைநழுவிப் போயிருந்தது. 2017 ஜனவரியில் வந்த ஏழாம் பாகம், தொடரின் முதன்மைப் பாகங்களில் அதுவரை இல்லாத முதல்நபர் பார்வைக்கு மாறியது. வெளித்தோற்றத்தில் அது பெரும் புரட்சி. உள்ளே போனால் பூட்டிய கதவுகள், சின்னம் பொறித்த சாவிகள், எண்ணிச் செலவழிக்க வேண்டிய தோட்டாக்கள், பொருள்களை அடுக்கிவைக்கப் போதாத பை என்று 1996-இன் மாளிகையே லூசியானாவின் பாழடைந்த பண்ணை வீடாகத் திரும்பி வந்திருந்தது. பற்றாக்குறையும் மூடிய வீடும் இடப்பக்கத்தைச் சேர்ந்தவை என்பதையும், கேமரா எப்போதுமே வலப்பக்கத்தைச் சேர்ந்தது என்பதையும் இந்த மூன்று பாகங்களை அடுத்தடுத்து ஆடினால் கையாலேயே உணரலாம்.

பட்டியலைத் தவறாகப் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு, இருவர் மோதும் சண்டை விளையாட்டான ஸ்ட்ரீட் ஃபைட்டரின் மூன்றாம் பாகம் சாட்சி. 1997-இல் வெளியான அது ரியூ, கென் இருவரைத் தவிரப் பழைய வீரர்கள் அனைவரையும் விலக்கிவிட்டுப் புதிய முகங்களை நிறுத்தியது. எதிராளியின் அடியைச் சரியான நொடியில் தட்டிவிடும் ‘பாரி’ என்ற அருமையான முறையையும் அதுவே கொண்டுவந்தது. ஆனால் ஆர்கேடில் காசு போட்டவர்களில் பெரும்பாலோருக்கு அந்த முகங்கள்தான் வாக்குறுதி. ஆண்டுக்கணக்கில் ஒரே வீரரோடு பயிற்சி எடுத்தவர் அந்த வீரரே இல்லாத விளையாட்டில் மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். 1999-இல் வந்த தேர்ட் ஸ்டிரைக் பதிப்பில் சுன்லி திரும்பினார். 2008-இல் நான்காம் பாகம் இரண்டாம் பாகத்தின் வீரர்களையெல்லாம் அழைத்துக்கொண்டு வந்தது. கற்பனை உயிரினங்களைப் பிடித்துப் பழக்கி மோதவிடும் போகிமானிலும் இதே கதையைப் பார்க்கலாம். 2016-இல் சன், மூன் பாகங்கள் வழக்கமான ஜிம் போட்டிகளை நீக்கிவிட்டுத் தீவுச் சோதனைகளை வைத்தபோது தொடர் ஆட்டம் காணவில்லை. 2019-இல் ஸ்வோர்டு, ஷீல்டு பாகங்களுக்குப் பழைய போகிமான்கள் அனைத்தையும் கொண்டுவர முடியாது என்று அறிவித்தபோதோ பெரும் கோபம் எழுந்தது. எல்லாவற்றையும் பிடித்துச் சேர்க்கலாம் என்று இத்தனை ஆண்டுகள் சொல்லிவந்த தொடரில் அந்தக் கோபம் நியாயமானதே.

ஆகவே பட்டியலிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இது இல்லாத பாகம் ஏதேனும் முன்பு வந்திருக்கிறதா, வந்திருந்தால் ஆட்டக்காரர்கள் எதைக் குறையாகச் சொன்னார்கள்? இது போய்விட்டால் ஆட்டக்காரர் இழப்பது ஒரு வசதியையா, தன் சொந்த உழைப்பும் நினைவும் சேர்ந்த ஒன்றையா? இரண்டாவது கேள்விக்கு “உழைப்பும் நினைவும்” என்று பதில் வந்தால் அங்கே கை வைப்பதற்கு முன் பலமுறை யோசிக்க வேண்டும்.

துணிச்சலை ஓரிடத்தில் குவித்தல்

இந்தப் பகுதிக்கு, நின்டெண்டோவின் செல்டா சாகசத் தொடரில் வந்த மஜோராஸ் மாஸ்க்கை விடச் சிறந்த பாடம் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். 1998-இல் அதற்கு முன் வந்த செல்டா பாகமான ஒகரினா ஆஃப் டைம் பெரும் வெற்றி பெற்றதும், அதன் நிலவறைகளை மாற்றியமைத்து ஒரு மறுபதிப்பு செய்யும் எண்ணம் நின்டெண்டோவில் இருந்தது. அந்த நிலவறைகளை வடிவமைத்த எய்ஜி அவோனுமாவுக்கு, செய்ததையே திருப்பிச் செய்வதில் மனம் ஒட்டவில்லை. ஓராண்டுக்குள் முடிக்க முடியுமானால் புதிய செல்டாவே செய்யலாம் என்று செல்டாவை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ சொன்னார். ஓராண்டில் ஒரு முழு செல்டாவைப் பூஜ்ஜியத்திலிருந்து செய்ய முடியாது. எனவே விளையாட்டை இயக்கும் அடிப்படை மென்பொருளான ஒகரினாவின் எஞ்சினையும் பாத்திர உருவங்களையும் எடுத்துக்கொண்டார்கள். குதிரை, வாள்வீச்சு, எதிரியின் மேல் பார்வையைப் பூட்டும் முறை எல்லாம் அப்படியே வந்தன. யோஷியாக்கி கொய்சுமி வேறொரு விளையாட்டுக்காக யோசித்து வைத்திருந்த, குறிப்பிட்ட காலத்தைத் திரும்பத் திரும்ப வாழ்வது என்ற எண்ணத்தை அதன் நடுவில் வைத்தார்கள். முதலில் அது ஒரு வாரமாக இருந்தது. ஏழு நாள்களையும் நினைவில் வைத்துக்கொள்வது ஆட்டக்காரருக்குச் சுமை என்று தெரிந்ததும் மூன்று நாள்களாகக் குறைத்தார்கள்.

2000-இல் வெளியான அந்த விளையாட்டில் நிலா மூன்றாம் நாள் முடிவில் நகரத்தின் மேல் விழும். அதற்குள் ஒகரினா என்ற ஊதுகருவியை வாசித்து முதல் நாளின் விடியலுக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பினால் நீங்கள் உதவிய ஒவ்வொருவரும் உங்களை மறந்திருப்பார்கள். கையிலிருந்த பணமும் அம்புகளும் போய்விடும். செல்டா ஆடுபவர் சேர்த்துவைப்பதிலும் முன்னேறுவதிலும் காணும் நிம்மதியைப் பிடுங்கிக்கொள்ளும் செயல் இது. அந்த இழப்பை எப்படித் தாங்கும்படி செய்தார்கள் என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கிளாக் டவுன் என்ற அந்த நகரத்தில் ஒரு வங்கி உண்டு; அங்கே போட்ட பணம் காலம் பின்னால் போனாலும் அழியாது. அதே காலப் பாட்டைத் தலைகீழாக வாசித்தால் நேரம் மெதுவாக நகரும். யார் எந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள், யாருக்கு என்ன கவலை என்று குறித்துக்கொள்ள ஒரு கையேடு கிடைக்கும். கஷ்டப்பட்டுப் பெற்ற முகமூடிகள் கையைவிட்டுப் போகா. ஒரே இடத்தில் எல்லை மீறித் துணிந்துவிட்டு, அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் கைப்பிடிகளை வைத்திருக்கிறார்கள்.

உங்கள் குழு செய்ய வேண்டியதும் இதுதான். வலப்பக்கப் பட்டியலிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதை முழுமையாக மாற்றுங்கள். மற்றவற்றை இயன்றவரை பழையதிலிருந்தே எடுங்கள். ஏற்கெனவே செய்துவைத்த மரங்களையும் வீடுகளையும் அசைவுகளையும் மீண்டும் பயன்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதில் மிச்சமாகும் நேரம்தான் புதிய எண்ணத்தைப் பத்துமுறை திருத்திப் பார்க்கக் கொடுக்கும். ஜப்பானியக் குற்றக் கும்பல்களைப் பற்றிய யாகுசா தொடர் தோக்கியோவின் கபுகிச்சோவை ஒத்த கமுரோச்சோ என்ற ஒரே கற்பனைப் பகுதியைப் பாகத்துக்குப் பாகம் பயன்படுத்துகிறது. ஆட்டக்காரர்கள் அந்தத் தெருக்களுக்குச் சொந்த ஊருக்குப் போவதுபோலப் போகிறார்கள்.

செலவு குறைந்த சோதனை

மாற்றம் பிடிக்குமா என்பதை முழு விளையாட்டையும் செய்துமுடித்த பிறகு தெரிந்துகொள்வது பெரும் விரயம். செல்டா பாகமான பிரெத் ஆஃப் தி வைல்டைத் தொடங்கியபோது நின்டெண்டோ குழு 1986-இன் முதல் செல்டாவைப் போலத் தோன்றும் எளிய இருபரிமாண மாதிரி ஒன்றைச் செய்து, நெருப்பும் மரமும் காற்றும் ஒன்றோடொன்று வினைபுரிந்தால் ஆட்டம் சுவையாக இருக்கிறதா என்று பார்த்தது. 2017-இல் விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் அந்த மாதிரியை அவர்களே காட்டினார்கள். படங்கள் அழகாக இல்லாதபோதும் எண்ணம் சுவையாக இருக்கிறது என்றால் அந்த எண்ணத்தை நம்பலாம். அதற்கும் முன்பே, 2013-இல் கையடக்கக் கருவிக்கு வந்த எ லிங்க் பிட்வீன் வேர்ல்ட்ஸில் கருவிகளைத் தொடக்கத்திலேயே வாடகைக்கு எடுத்துக்கொண்டு பெரும்பாலான நிலவறைகளுக்கு விரும்பிய வரிசையில் போகலாம் என்று வைத்திருந்தார்கள். வரிசையை உடைத்தால் செல்டா ரசிகர்கள் ஏற்றுக்கொள்கிறார்களா என்பதைச் சிறிய விளையாட்டு ஒன்று முன்கூட்டியே சொல்லிவிட்டது.

யாகுசா குழு 2019 ஏப்ரல் முதல் தேதியன்று, தெருச்சண்டைக்குப் பதிலாக முறைவைத்து மாறிமாறி அடிக்கும் சண்டையைக் காட்டும் ஒரு வீடியோவை முட்டாள்கள் தின வேடிக்கையாக வெளியிட்டது. பார்த்தவர்களுக்குப் பிடித்திருந்தது, 2020 ஜனவரியில் வந்த ஏழாம் பாகம் உண்மையிலேயே அந்த முறையில்தான் இருந்தது. பழைய அதிரடிச் சண்டையை விரும்புபவர்களையும் அவர்கள் கைவிடவில்லை. அதே ஊரில் நடக்கும் ஜட்ஜ்மென்ட் என்ற கிளைத்தொடர் அந்தச் சண்டையைத் தொடர்ந்து வைத்திருந்தது. ஒரு வழக்கத்தை எடுக்க வேண்டியிருந்தால் அதற்கு வேறொரு வீடு கொடுக்க முடியுமா என்று பாருங்கள். சிறு குழுவாக இருந்தால் ஒரு லெவலை மட்டும் செய்து, முந்தைய பாகத்தை முடித்தவர்கள் சிலரையும் அதைத் தொடாதவர்கள் சிலரையும் ஆடவிடுங்கள். அவர்கள் பேசுவதைவிட, எந்த இடத்தில் கை தானாகப் பழைய பட்டனைத் தேடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

எடுத்த இடத்தை நிரப்புதல்

ஒன்றை எடுத்தால் அது செய்துவந்த வேலையை வேறொன்று ஏற்க வேண்டும். பிரெத் ஆஃப் தி வைல்ட் போக வேண்டிய வரிசையை எடுத்துவிட்டது. தொடக்கத்திலுள்ள பீடபூமியில் நான்கு கோயில்களை முடித்துப் பாராகிளைடரைப் பெற்றுவிட்டால் நேராகக் கடைசி எதிரியிடமே போகலாம். வரிசை செய்துவந்த வேலை, அடுத்து என்ன செய்வது என்று ஆட்டக்காரருக்குச் சொல்வது. அந்த வேலையைக் கண்ணுக்குத் தெரியும் தொலைவு ஏற்றுக்கொண்டது: குன்றின் மேல் ஏறினால் ஒரு கோபுரம், அதன் உச்சியிலிருந்து பார்த்தால் ஒளிரும் ஒரு கோயில், போகும் வழியில் புகை எழும் ஓர் எதிரி முகாம். புதிருக்கு ஒரே விடை என்பதையும் எடுத்துவிட்டு, பொருள்களுக்குப் பொதுவான விதிகளை வைத்தார்கள். காய்ந்த புல்லில் நெருப்பு வைத்தால் சூடான காற்று மேலே எழும். அந்தக் காற்றில் பாராகிளைடரை விரித்தால் உயரப் பறக்கலாம். இடிமழையில் உலோக வாளை ஏந்தி நின்றால் மின்னல் உங்கள் மேல் இறங்கும். அந்த வாளை எதிரியின் பக்கம் எறிந்துவிட்டால் மின்னல் அவன் மேல் இறங்கும்.

எல்லா ஓட்டையும் அடைபட்டுவிடவில்லை. ஆயுதங்கள் உடைந்துபோவது பலரை எரிச்சலூட்டியது. பழைய பாணிப் பெரிய நிலவறைகள் இல்லையே என்ற ஏக்கமும் நீடித்தது. 2023 மே மாதத்தில் அதன் தொடர்ச்சியாக வந்த டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் பெரும்பாலும் அதே நிலப்பரப்பை வைத்துக்கொண்டு இந்த இரண்டுக்கும் பதில் சொன்னது. ஆயுதம் இன்னமும் உடையும். ஆனால் எந்தக் கட்டையிலும் எந்தக் கல்லையும் ஒட்டிப் புதிய ஆயுதம் செய்துகொள்ளலாம் என்பதால் உடைவதே கண்டுபிடிப்புக்கு வாய்ப்பானது. தனித்தனிக் குணம் கொண்ட கோயில்களும் திரும்பின. பெரிய துணிச்சலுக்குப் பின் வரும் பாகம் நிதானமாக இருப்பது கோழைத்தனம் ஆகாது. முந்தைய பாகத்தில் நேரமில்லாமல் விட்டவற்றைச் சரிசெய்யும் இடம் அது.

ரசிகர்களின் கோபத்தைப் படித்தல்

நின்டெண்டோ 2000-இல் நடத்திய ஸ்பேஸ் வேர்ல்டு கண்காட்சியில் செல்டா தொடரின் நாயகன் லிங்க்கும் வில்லன் கேனன்டார்ஃபும் வாளால் மோதும் யதார்த்தமான காட்சி ஒன்றைக் காட்டியது. மறு ஆண்டு அதே கண்காட்சியில் கார்ட்டூன் பாணியில் பெரிய கண்களோடு ஓடும் லிங்க்கைக் காட்டியபோது ஏமாற்றம் கொந்தளித்தது. விண்ட் வேக்கர் என்ற அந்த செல்டா பாகம் 2002-இல் அந்தத் தோற்றத்திலேயே வந்தது. ரசிகர்கள் கேட்ட யதார்த்தமான தோற்றம் 2006-இன் டிவைலைட் பிரின்சஸில் கிடைத்தது. இன்று இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விண்ட் வேக்கரின் படங்கள்தான் வயதாகாமல் நிற்கின்றன. கோபப்பட்டவர்களை அதற்காக ஏளனம் செய்யக் கூடாது. பெரியவனான லிங்க்கை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்கள் அவர்கள். அந்த எதிர்பார்ப்பை முந்தைய ஆண்டில் உண்டாக்கியதே நிறுவனம்தான்.

ஒரு புகாரைப் படிக்கும்போது அது கேட்கும் தீர்வை ஒதுக்கிவைத்துவிட்டு, அது சொல்லும் இழப்பை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். எதை இழந்தோம் என்று ஆட்டக்காரர்கள் சொல்வது பெரும்பாலும் துல்லியமாக இருக்கும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது உங்கள் வேலை. அந்த இழப்பு இடப்பக்கப் பட்டியலில் இருந்தால் திட்டத்தைத் திருத்துங்கள். வலப்பக்கத்தில் இருந்தால் மாற்றத்தைத் தெளிவாக, முன்கூட்டியே அறிவித்துவிட்டு உறுதியாக நில்லுங்கள். கைவிட்டுவிட்ட பாணியை டிரெய்லரில் காட்டி ஆசையைத் தூண்டாதீர்கள்.

வெளியான பிறகு

முதல் வார விற்பனையை வைத்து ஒரு துணிச்சலை எடைபோட முடியாது. ரெசிடென்ட் ஈவில் ஆறாம் பாகம் வெளியானபோது 45 லட்சம் பிரதிகள் கடைகளுக்குப் போயின; ஏழாம் பாகத்துக்கு அது 25 லட்சம்தான். ஆண்டுகள் கடந்து ஏழாம் பாகமும் ஒரு கோடியைத் தாண்டியது. ஆனால் நான் பார்க்கச் சொல்வது வேறொரு கணக்கு: அடுத்தடுத்த பாகங்கள் எதிலிருந்து எதை எடுத்துக்கொண்டன? ஆறாம் பாகத்தின் நான்கு கதை அமைப்பை யாரும் தொடரவில்லை. ஏழாம் பாகத்துக்காக உருவான எஞ்சினிலேயே 2019-இன் இரண்டாம் பாக மறு ஆக்கமும் 2021-இன் எட்டாம் பாகமான வில்லேஜும் 2023-இன் நான்காம் பாக மறு ஆக்கமும் வந்தன; மூடிய இடமும் எண்ணிச் செலவழிக்கும் தோட்டாவும் அவற்றோடு சேர்ந்தே வந்தன.

எனவே விளையாட்டு வெளியானதும் இடப்பக்கம், வலப்பக்கம் எழுதிய அந்தத் தாளைத் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்துங்கள். எதை எடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள், அதன் இடத்தில் எதை வைத்தீர்கள் என்பதைத் தேதியிட்டு எழுதி, அடுத்த பாகத்தை வேறொரு குழு செய்தாலும் அவர்கள் கையில் கிடைக்கும்படி வையுங்கள். இத்தகைய குறிப்புக்குத் தேவை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. முகங்களை இழந்ததால் 1997-இல் பலர் ஒதுக்கிய ஸ்ட்ரீட் ஃபைட்டர் மூன்றாம் பாகத்தின் அந்தத் தட்டிவிடும் முறை, 2023-இல் வந்த ஆறாம் பாகத்தில், பட்டனை அழுத்திப் பிடித்தாலே யாரும் செய்யக்கூடிய வடிவத்தில் ஆட்டத்தின் மையத்துக்குத் திரும்பியது. இம்முறை ரியூவும் கென்னும் சுன்லியும் முதல் நாளிலிருந்தே அங்கே இருந்தார்கள்.